கையெழுத்துக் கேட்காத நூலகர்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் துளசிராமன் அவர்களே! நம் நூலகத்துக்கு முதன்முதலில் இடம் கொடுத்த குடும்பத்தின் சார்பில் பழவேற்காட்டிலிருந்து வந்திருக்கும் தம்பி அத்னான் அவர்களே! மறைந்த நூலகர் ஞானம்மா அவர்களின் மகள் சுகிர்தா அவர்களே! நெல்லிப்பேடு வாழ் பெரியோர்களே, தாய்மார்களே! இரவு ஷிப்ட் முடித்து, முகத்தைக்கூடக் கழுவாமல், நேரே இங்கே வந்து தரையில் உட்கார்ந்திருக்கும் என் தோழர்களே! உங்கள் எல்லாருக்கும் வாசகர் வட்டத் தலைவன் வரதனின் வணக்கம்.

காலை ஏழு மணிக்கு இரங்கல் கூட்டம் வைத்த ஊர் வேறெங்கும் இருக்காது. ஆசிரியர் ஐயா நேற்றே கேட்டார், "ஏம்பா, சாயங்காலம் வெச்சுக்கக் கூடாதா?" என்று. ஐயா, இது ஞானம்மாவின் நேரம். இந்த நேரத்தில்தான் அவர் இந்தக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இந்த நேரத்தில்தான், பதினாறு நாளைக்கு முன்னால், அதோ அந்த நாற்காலியில் அவர் உயிர் போனது.

வாசலில் ஒரு நோட்டு வைத்திருந்தோம். அம்மாவுக்கு இரங்கல் தெரிவித்து நீங்கள் பெயர் எழுதிக் கையெழுத்துப் போடுவதற்காக. உள்ளே நெரிசலாக இருப்பதால் சுகிர்தா அதை வரிசையாக அனுப்பியிருக்கிறாள். நான் பேசி முடிப்பதற்குள் அது சுற்றி வரட்டும்.

நண்பர்களே! ஒருவர் இறந்தால் அவர் செய்த வேலை மிச்சமிருக்கிறது, அதைத் தொடர்வோம் என்று பேசுவது மேடை வழக்கம். நானே இருபது முப்பது பேருக்கு அப்படிப் பேசியிருக்கிறேன். இன்றைக்கு எதைச் சொல்லித் தொடர்வது? வருகிற முப்பதாம் தேதியோடு இந்த நூலகத்தை மூடுகிறார்கள். புத்தகங்களை லாரியில் ஏற்றி ஒன்பது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெரிய நூலகத்தோடு சேர்க்கப் போகிறார்கள். உத்தரவு வந்துவிட்டது. ஆளும் போய்விட்டார், இடமும் போகப் போகிறது. என் கையில் மைக் மட்டும்தான் இருக்கிறது!

இந்த நூலகம் எப்படி வந்தது? சின்ன வயசுக்காரர்களுக்குத் தெரியாது, சொல்கிறேன். நாற்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் இந்த ஊரில் நான்கு பேர் சேர்ந்து படிப்பகம் ஆரம்பிக்க இடம் தேடினோம். எல்லாரும் கையை விரித்தார்கள். அத்னானின் தாத்தா பக்கீர் முகம்மது ராவுத்தர், பழவேற்காட்டுக் கருவாட்டு வியாபாரி, கடைத்தெருவில் குடோன் வைத்திருந்தார். "முன்னாடி ரூமு சும்மாத்தான் கெடக்குது, எடுத்துக்கினு போங்கப்பா. வாடை அடிக்குதுன்னு அப்பால என்னாண்ட வந்து நிக்கக் கூடாது" என்றார். அடித்ததே! எந்தப் புத்தகத்தை விரித்தாலும் நெத்திலி. வீட்டுக்கு எடுத்துப் போனால் பூனை பின்னாலேயே வரும். தத்துவப் புத்தகத்தைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கிவிட்டு, பூனையிடம் கடிபட்டவர் இந்த மேடையிலேயே இருக்கிறார். சிரிக்காதீர்கள் ஐயா, உங்களைத்தான் சொல்கிறேன்!

அப்புறம் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் இந்தக் கட்டடம் வந்தது. கட்டடம் வந்ததே தவிர, ஒழுங்கான ஆள் வரவில்லை. வந்தவர்கள் மாற்றல் வாங்கிப் போனார்கள். வாரத்தில் மூன்று நாள் பூட்டு. இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் ஒரு ஜூன் மாதம், மணவாள நகரிலிருந்து ரயில் மாறி பஸ் மாறி ஒரு பெண் வந்து இறங்கினார். கையில் குடை, தோளில் ஒரு பை. கட்டடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "தொடப்பம் எங்கே?" அந்தப் பெண்தான் ஞானம்மா. ஆறே மாதத்தில் குடும்பத்தையே இந்த ஊருக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

அரசாங்கத்தின் நேரப்படி நூலகம் திறக்க வேண்டியது காலை ஒன்பது மணிக்கு. ஞானம்மா திறந்தது ஆறரைக்கு. ஏன்? இங்கே தரையில் உட்கார்ந்திருக்கிறார்களே, இவர்களுக்காக. நம் ஊரில் வாடகை அறை எப்படி என்று உங்களுக்கே தெரியும். ஒரு அறைக்கு ஒன்பது பேர், மூன்று பாய். ஒரு பாயில் ஒரு நாளைக்கு மூன்று பேர் மாறி மாறிப் படுக்கிறார்கள். இரவு ஷிப்ட் ஆறு மணிக்கு முடிந்து வருகிறவனுக்குப் பாய் காலியாக எட்டரை ஆகும். அதுவரை அவன் எங்கே போவான்? டீக்கடையில் எவ்வளவு நேரம் நிற்பான்? ரோட்டோரம் குந்திக்கொண்டிருந்தால் போலீஸ்காரர் "யாருடா நீ" என்று கேட்பார்.

அவர் வந்த முதல் மழைக்காலத்தில் நூலக வாசல்படியில் நான்கு பேர் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தார். மறுநாளிலிருந்து ஆறரைக்குத் திறந்தார். யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை, ஒருத்தரும் அதற்காக அவருக்கு ஒரு நன்றிகூடச் சொன்னதில்லை. என்னம்மா சின்னப்பொண்ணு? எழுந்து சொல்லு, எல்லாருக்கும் கேட்கட்டும். இங்கே இருபது வருடமாகப் பெருக்கித் துடைக்கிறவள், அவளுக்குச் சொல்ல உரிமை இருக்கிறது.

"ஆறரை இல்லண்ணே. ஆறேகாலுக்கே வந்துடும். நான் வர்றதுக்குள்ள தண்ணி புட்ச்சி வெச்சிக்கினு, பேப்பரெல்லாம் விரிச்சி வெச்சிக்கினு நிக்கும்."

ஆறேகால். திருத்திக்கொள்கிறேன். நான் எப்போதுமே ஞானம்மாவைக் கால் மணி நேரம் குறைத்துத்தான் மதிப்பிட்டிருக்கிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் டிசம்பர் புயலில் இந்தக் கட்டடத்துக்குள் இடுப்பளவு தண்ணீர் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? கீழ்த்தட்டுப் புத்தகங்கள் அத்தனையும் ஊறிக் கிடந்தன. கழித்துக் கட்டிவிடலாம் என்றுதான் நானே சொன்னேன். ஞானம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே புதுவாயல் கூட்டுரோட்டுக்கு நடந்தார். ரோடு மூழ்கியதால் நின்றுபோயிருந்த லாரிக்காரர்களிடம் தார்ப்பாய் கேட்டார். அங்கே லாரி நிறுக்கும் எடைமேடையில் தார்ப்பாய் விரித்து ஆயிரத்து இருநூறு புத்தகத்தையும் வெயிலில் பரப்பினார்கள். பக்கம் ஒட்டிக்கொள்ளாமல் யாராவது புரட்டிக்கொண்டே இருக்க வேண்டுமே! லாரிக்காரர்களும் ஷிப்ட்காரர்களும் குந்தி உட்கார்ந்து நாள் முழுக்கப் புரட்டினார்கள். புரட்டப் போனவன் படிக்க ஆரம்பித்துவிட்டான். ஆந்திரா லாரி டிரைவர் ஒருவர், தமிழ் எழுத்துக்கூட்டத்தான் தெரியும், ரோடு திறந்த பிறகும் கிளம்பவில்லை. "முடிவு தெரியாம எப்டிம்மா வண்டி எடுக்கறது?" என்று கேட்டாராம். இப்படிப்பட்ட நூலகத்துக்கு வாசகர்கள் இல்லை என்று உத்தரவில் எழுதியிருக்கிறது.

எப்படி எழுதினார்கள்? அங்கேதான் வருகிறேன். அதைச் சொல்லத்தான் எழுந்தேன். சொல்லாமல் பாராட்டிவிட்டு உட்கார்ந்தால் நான் மனுஷன் இல்லை.

எந்த நூலகத்திலும் வாசலில் ஒரு வருகைப் பதிவேடு இருக்கும். வருகிறவர் பெயர், நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்பதற்கு மேலிடம் பார்க்கும் ஒரே சாட்சி அதுதான். நம் பதிவேட்டில் ஒரு நாளைக்கு நான்கு கையெழுத்து. ஆசிரியர் ஐயா, தபால்காரர், இன்னும் ஓய்வுபெற்றவர்கள் இரண்டு பேர். உள்ளே அறுபது பேர் இருந்தார்கள். பதிவேட்டில் நான்கு பேர் இருந்தார்கள்.

ஏன் மற்றவர்கள் போடவில்லை? என்னால்! இந்த வரதனால்!

இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு இரும்பு ஆலையில் ஒப்பந்தக்காரர் நாற்பத்திரண்டு தொழிலாளிகளிடம், சீருடையும் ஷூவும் தருவதற்காக என்று வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கினார். அடுத்த மாதம் அதே தாள்களின் மேல் பகுதியில் 'சொந்தக் காரணங்களுக்காக வேலையிலிருந்து விலகுகிறேன்' என்று தட்டச்சு அடித்திருந்தது. நாற்பத்திரண்டு பேரும் தெருவில். நான் அப்போது சங்கச் செயலாளர். ஏழு வருடம் அலைந்தேன். போன இடத்திலெல்லாம் ஒரே கேள்விதான்: "கையெழுத்து உங்க ஆளுங்களுதுதானே?" ஆமாம் என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. ஒருத்தனைக்கூட என்னால் திரும்ப உள்ளே அனுப்ப முடியவில்லை.

அந்த ஆத்திரத்தில் ஒவ்வொரு ஆலை வாசலிலும் மைக் பிடித்தேன். "எவன் நீட்டினாலும் எதிலும் கையெழுத்துப் போடாதே!" வருடக்கணக்கில் இதையே சொன்னேன். நான் வாழ்க்கையில் பேசிய பேச்சிலேயே நின்ற பேச்சு அது ஒன்றுதான். புதிதாக வேலைக்கு வருகிறவனுக்கு அறையில் பாயைக் காட்டுவதற்கு முன்னால் இதைச் சொல்லிக் கொடுத்தார்கள். கூரியர்க்காரர் இந்த ஊர் என்றாலே தலையில் அடித்துக்கொள்வார். நம் சாலமோன் கல்யாணத்தில் என்ன நடந்தது? தாலி கட்டியாயிற்று, பாட்டுப் பாடியாயிற்று, பாதிரியார் திருமணப் பதிவேட்டை நீட்டுகிறார், மாப்பிள்ளை பேனாவைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது வரிசையில் இருந்த என் முகத்தைப் பார்க்கிறான்! நான் தலையாட்டிய பிறகுதான் போட்டான். பெண் வீட்டார் பயந்தே போனார்கள். அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? மடையன், மீசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இப்படிப்பட்ட ஊரில் நூலக வாசலில் ஒரு பதிவேடு! நூலில் கட்டித் தொங்கும் ஒரு பேனா! யார் தொடுவான்? ரகு, நீ இரவு ஷிப்ட் முடித்து இங்கே முதன்முதலில் வந்தபோது என்ன சொன்னாய்? "அக்கா, பேப்பர் பட்ச்சிட்டு போய்டறேன், கையெழுத்து மட்டும் கேக்காத" என்றான். அதற்கு ஞானம்மா, "நான் கேக்கல நைனா, நீ உள்ள போய்ப் படி" என்றார். அவ்வளவுதான். என் பேச்சு பரவிய பிறகு ஒரு தொழிலாளியிடமும் அவர் பதிவேட்டை நீட்டியதில்லை. அதற்குப் பதில் இவர்களாகவே ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். வரும்போது ஒன்றும் சொல்வதில்லை. போகும்போது மேசையின் முன் நின்று "வரேன்க்கா" என்பார்கள். அவர் தலை நிமிர்ந்து பெயரைச் சொல்லி, "வா ரகு", "வா நைனா" என்பார். அதுதான் இந்த நூலகத்தின் கையெழுத்து.

போன வருடம் கடிதம் வந்தது. சராசரி வருகை நான்கு, ஆறு மாதத்தில் உயராவிட்டால் இணைக்கப்படும் என்று. ஞானம்மா அதை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். "அண்ணே, நீங்க ஒரு வார்த்த சொன்னா போடுவாங்க. நீங்க சொல்லி நிறுத்துனது, நீங்க சொன்னாத்தான் நடக்கும்." நான் என்ன செய்தேன்? "பாக்கலாம்மா" என்றேன். இருபது வருடம் மைக்கில் கத்தியதை எப்படி மாற்றிச் சொல்வது என்று கௌரவம்! இந்த வாரம், அடுத்த வாரம் என்று நான்கு மாதம் ஓட்டினேன். ஆறில் நான்கு மாதத்தை நான் தின்றேன் நண்பர்களே!

அப்புறம் சொன்னேன். சொல்லாமல் இல்லை. ஒரு திங்கட்கிழமை காலை ஷிப்ட் மாறும் நேரத்தில் ஆலை வாசலில் நின்று, "நூலகப் பதிவேட்டில் மட்டும் போடுங்கள், அது நம்முடையது" என்று சொன்னேன். எல்லாரும் நின்று கேட்டார்கள். கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது: "இன்னாண்ணே, உன்னையும் வாங்கிட்டானுங்களா?" கிண்டலாகக் கேட்கவில்லை. பயந்துபோய்க் கேட்டான். யாரோ என்னையும் வளைத்துப் போட்டுப் பேச வைக்கிறார்கள் என்று நினைத்தான். அவன் யாரென்று தெரியும், இங்கேதான் இருக்கிறான், தலையைக் குனிய வேண்டாம். உன் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன்.

கடைசியாக ஒரு வழி சொன்னேன். "ஞானம்மா, உனக்குத்தான் எல்லார் பேரும் தெரியுமே. நீயே நாற்பது பேர் எழுதிக் கையெழுத்தும் போட்டுடு. எவன் பார்க்கப் போறான்?" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! "அவங்களுக்குத் தெரியாம அவங்க பேர்ல நான் போட்டா, அந்த ஒப்பந்தக்காரருக்கும் எனக்கும் இன்னாண்ணே வித்தியாசம்?" என்று கேட்டார். நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். என் சங்கத்தில் நாற்பது வருடம் தேடியும் இப்படி ஒரு ஆள் எனக்குக் கிடைக்கவில்லை.

சோதனைக்கு ஒரு அதிகாரி வந்தார். நல்ல மனிதர், குறை சொல்ல மாட்டேன். காலை ஏழு மணிக்கு வரச் சொல்லி ஞானம்மா கெஞ்சியதால், வேப்பம்பட்டிலிருந்து முதல் ரயிலைப் பிடித்து வந்தார். உட்கார இடமில்லாமல் சுவரோரம் நின்று படித்துக்கொண்டிருந்தார்கள் அன்றைக்கு. கண்ணால் பார்த்தார். சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். கடைசியில், "கண்ணுக்குத் தெரியுதும்மா. பேப்பர்ல இன்னா எழுதட்டும்? கீழ ஒரு கையெழுத்து இல்லையே!" என்றார். ஞானம்மா அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து, புதுவாயல் வரைக்கும் போய் பஸ் ஏற்றிவிட்டு வந்தார். போன மாதம் உத்தரவு வந்தது.

உத்தரவு வந்த பிறகும் ஆறேகாலுக்குத் திறந்தார். பதினாறு நாளைக்கு முன்னால் அந்தக் காலையிலும் திறந்திருக்கிறார். தண்ணீர் பிடித்து வைத்து, பேப்பரெல்லாம் விரித்து வைத்து, பதிவேட்டில் அன்றைய தேதியை எழுதிவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ரகுவும் இன்னும் இரண்டு பேரும் ஆறே முக்காலுக்கு உள்ளே வந்தார்கள். அவர் மேசைமேல் கையை வைத்துத் தலை சாய்த்திருந்தார். அசந்து தூங்குகிறார் என்று நினைத்துவிட்டார்கள். ரகு சொன்னதை அப்படியே சொல்கிறேன்: "அக்கா தூங்கிக்கினு கீது, சத்தம் போடாதீங்கடான்னு சொன்னேன். ஃபேன் காத்துல அது தலமுடி பறந்துக்கினு இருந்துது. எழுந்துக்கப் போவுதேன்னு ஃபேனைக் கொறச்சேன்."

முக்கால் மணி நேரம்! முக்கால் மணி நேரம் அவர் எதிரில், பக்கம் புரட்டும் சத்தம்கூடக் கேட்காமல், உட்கார்ந்து படித்திருக்கிறார்கள். அதற்கப்புறம் வந்தவர்களுக்கும் சைகை காட்டியிருக்கிறார்கள். கிளம்பும்போது மேசை முன் நின்று ரகு மெதுவாக "வரேன்க்கா" என்றான். பதில் இல்லை. கொஞ்சம் உரக்கச் சொன்னான். பதில் இல்லை. மூன்றாம் முறை அவன் சொன்னது தெருவுக்கே கேட்டது.

ஆறரைக்கே முடிந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். ரகு, நீ கேட்டுக்கொள். ஆறரைக்கே. நீ ஒன்றும் தப்புச் செய்யவில்லை. தப்புச் செய்தவன் இங்கே மைக் பிடித்து நிற்கிறான்.

போன வாரம் சுகிர்தா வீட்டில் ஒரு கட்டு எடுத்துக் கொடுத்தாள். நாள்காட்டியில் தினமும் கிழிப்போமே, அந்தத் தாள்கள். ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் ஞானம்மா எழுதி வைத்திருக்கிறார். வருடக்கணக்காக! நான்கைந்து படிக்கிறேன். 'காலை 38, மாலை 23. ரகு இருமுகிறான்.' 'காலை 41. புதுப் பையன் ஒருவன், ஒடிசாவாம், படம் மட்டும் பார்க்கிறான். படப் புத்தகம் கேட்டு எழுத வேண்டும்.' 'காலை 12. சம்பள நாள், எல்லாரும் தூங்குகிறார்கள்.' 'காலை 44. வரதன் அண்ணன் வந்தார், திட்டினார், போனார்.'

இந்தக் கட்டைத் தூக்கிக்கொண்டு மேலிடத்துக்கு ஓடினேன். அறுபத்தொன்பது வயதில் மூன்று மாடி ஏறினேன். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். ஒவ்வொரு தாளாகப் புரட்டிப் பார்த்தார்கள். அங்கே ஒரு பெண் அதிகாரிக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "ஐயா, இது நாள்காட்டித் தாள்" என்றார். ஆமாம்மா, நாள்காட்டித் தாள்தான். கட்டை நூலால் திரும்பக் கட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

யாரை எதிர்த்துக் கோஷம் போடுவது? ஆலை முதலாளி என்றால் வாசலை மறிப்பேன். இங்கே யார் எதிரி? தலை நிமிர்ந்து கேட்க ஒரு முகம் இல்லையே! எந்தப் பக்கம் திரும்பினாலும் நல்லவர்களாக நிற்கிறார்கள். நாற்பது வருடம் போராடியவனுக்கு முட்டிக்கொள்ள ஒரு சுவர்கூட இல்லை.

என்ன சுகிர்தா? நோட்டு சுற்றி வந்துவிட்டதா? கொடு.

இருங்கள். கண்ணாடியைப் போட்டுக்கொள்கிறேன்.

பதினொன்று. இந்த அறையிலும் வாசலிலுமாக இருநூறு பேருக்குக் குறையாமல் இருக்கிறீர்கள். பதினொரு கையெழுத்து. ஆசிரியர் ஐயா போட்டிருக்கிறார், அத்னான் போட்டிருக்கிறார், சின்னப்பொண்ணு பெருவிரல் வைத்திருக்கிறாள். ரகுவின் வரிசையில் கைமாறிக் கைமாறிப் போனதில் அட்டை முழுக்கக் கிரீஸ் கறை. கையெழுத்து இல்லை.

யாரும் எழுந்து போக வேண்டாம். உட்காருங்கள், உட்காருங்கப்பா! நான் கோபிக்கவில்லை. யார்மேல் கோபிப்பேன்? அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள், அதை நான் பார்க்கிறேன். அழுகிற கைக்குக்கூடப் பேனாவைக் கண்டால் பயம். அந்தப் பயத்தை உங்கள் கையில் வைத்தவன் நான். நீங்கள் என் பேச்சைக் கேட்டீர்கள், அவ்வளவுதானே? நல்ல பிள்ளைகள்.

ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன். நேற்றுச் சாயங்காலம், மேசைமேல் இருக்கிறதே, இந்த வருகைப் பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். பழைய பதிவேடுகளையும் எடுத்துப் புரட்டினேன். எதைத் தேடினேன் தெரியுமா? என் கையெழுத்தை. இருபத்தாறு வருடத்தில் ஒன்றுகூட இல்லை! வாசகர் வட்டத் தலைவர்! வாரத்துக்கு மூன்று முறை வந்து உட்கார்ந்து சத்தமாகப் பேசிவிட்டுப் போகிறவர்! ஞானம்மா எப்போதாவது சிரித்துக்கொண்டே கேட்பார், "தலைவரே போடலன்னா எப்டிண்ணே?" என்று. "நாளைக்குப் போடறேம்மா" என்பேன். என் நாற்காலி, என் நூலகம், நான் எதற்குப் போட வேண்டும் என்று நினைப்பு.

இதோ, கடைசிப் பக்கம். மேலே அவர் எழுதிய தேதி இருக்கிறது. கீழே எல்லா வரியும் காலி. அவர் எழுதிய தேதிக்குக் கீழேயே போட வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது. போட்டால் அது பொய். அன்றைக்கு நான் வரவில்லை, வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன். அவர் ஒப்புக்கொள்ள மாட்டார். அதனால் இன்றைய தேதியை நானே எழுதுகிறேன். பெயர், வரதன். நேரம், காலை ஏழு ஐம்பது. கையெழுத்து.

போட்டுவிட்டேன். இதனால் ஒன்றும் ஆகப் போவதில்லை. முப்பதாம் தேதி லாரி வரும்.

உறுதிமொழி எடுத்துக் கூட்டத்தை முடித்துவைக்கச் சொல்லி ஆசிரியர் ஐயா சீட்டு அனுப்பியிருக்கிறார். ஐயா, நடக்காததை அவர் பெயரால் சொல்ல என்னால் முடியாது. என்னால் முடிந்ததைச் சொல்கிறேன். இந்த மாதம் முடிய இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. சாவி என்னிடம் இருக்கிறது. ஒன்பது நாளும் ஆறேகாலுக்கு நான் திறப்பேன். தண்ணீர் பிடித்து வைப்பேன். பேப்பர் விரித்து வைப்பேன். பத்தாவது நாள் நீங்கள் எங்கே போய் உட்காருவீர்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்ததுபோல் பேச எனக்கு இனிமேல் வாய் இல்லை.

பதிவேடு மேசையிலேயே இருக்கும். நான் கேட்க மாட்டேன், அவர் கேட்டதில்லை. பாய் காலியாகும் நேரமாகிவிட்டது, போய்ப் படுங்கள். போகும்போது மட்டும் வழக்கப்படி அந்த நாற்காலி முன்னால் நின்று சொல்லிவிட்டுப் போங்கள். நான் முதலில் சொல்லிவிடுகிறேன்.

வரேம்மா, ஞானம்மா.